முட்டுக்கட்டை

கோட்டைவாசல் ஏற்றத்தில்
முட்டுக்கட்டை என்பது வசவில்லை.
அதை வைத்திராதவனைத்தான்
வரிசை முழுக்க இறங்கி வந்து ஏசும்.

கருவேலம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு.
ஒருபுறம் சரிவு, மறுபுறம் செங்குத்து.
துளையிட்டுக் கோத்த நைலான் கயிறு
ஒருகாலத்தில் பச்சையாய் இருந்திருக்கும்.

ஆரியங்காவு செக்போஸ்டில் வண்டிகள் தேங்கினால்
"அண்ணே, ஒண்ணு தாங்க" என்பான் ஒருவன்,
"சேட்டா, ஒரு கட்ட" என்பான் இன்னொருவன்.
பெயர் கேட்பதில்லை.
வரிசை சட்டென்று நகரும்,
வாங்கியவன் போய்விட்டிருப்பான்.
திருட்டு என்று யாரும் சொல்வதில்லை.

என் பஞ்சர் கடைக்கு இது வந்தது
இடவப்பாதி மழையில், ஒரு முட்டை லாரியின் அடியில்.
விடிந்து பார்த்தால் லாரி இல்லை.
கழுவினேன். மீன் வாடை போகவில்லை.

சரிவு முழுக்க டயர்ப் பற்கள், ஒன்றின்மேல் ஒன்று,
எந்த வண்டி எதுவென்று பிரிக்க முடியாதபடி.
ஒரு மூலை கரிந்திருக்கிறது:
அடுப்புக்கு மூன்றாம் கல் கிடைக்காத ராத்திரி ஒன்று.
முதுகில் கத்திக் கோடுகள். வெங்காயமாக இருக்கலாம்.
ஆயுத பூஜைச் சந்தனம் பிளவுக்குள் இன்னும் கொஞ்சம்.
மலையாளத்தில் ஒரு 'ஷா', மிச்சம் தேய்ந்துவிட்டது,
ஷாஜியோ, ஷாநவாஸோ, ஷாலினியோ.
நடுவில் தலையெண்ணெய்க் கறை.
இதை வைத்தா தூங்கினார்கள்?
தூங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு போன் நம்பர்,
உளியால் பொறுமையாகச் செதுக்கியது.
ஒன்பது இலக்கம் தெரிகிறது.
பத்தாவதின்மேல் டயர் ஏறிவிட்டது.

வேலையில்லாத மத்தியானம்
பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன்.
பாதி உபயோகத்தில் இல்லை.
ஒருவர் என்னைக் கடன்காரன் என்று நினைத்து
மூச்சை அடக்கிக்கொண்டார்.
"உங்க கட்டை என்கிட்ட இருக்கு" என்றதற்கு
ஒருவன் என் தாயை இழுத்தான். நியாயம்தான்.

ஏழில் ஒரு பெண் குரல்.
பின்னால் தையல் மிஷின் ஓடி நின்றது.
"ஓரத்துல ஆணி இருக்கா? தலை மழுங்குனது?"
தடவிப் பார்த்தேன். இருந்தது.
இத்தனை நாள் அதை மரத்தின் கணு என்றிருந்தேன்.
"நான் அடிச்சது. பிளந்துரும்னு.
வண்டி எடுத்த புதுசு அப்ப."

பிறகு அவளாகவே சொன்னாள்:
"ஃபைனான்ஸ்காரன் சுரண்டையில வச்சு இழுத்துட்டுப் போனான்.
ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், எல்லாம் எண்ணி எழுதுனான்.
கட்டை எங்கன்னான்.
முந்தாநாள்தான் வரிசையில யாருக்கோ குடுத்தது.
சொன்னா நம்பல.
அதுக்கும் நூத்தம்பது ரூவா எழுதிக்கிட்டான்."

செதுக்கியவரைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
மிஷின் மறுபடி ஓடவுமில்லை.
தென்காசி பஸ்ஸில் போட்டுவிடட்டுமா என்று
வாய் எடுத்தேன்.

வெளியே வைக்கோல் லாரி ஒன்று,
ஹேண்ட்பிரேக் பிடிக்காமல்.
கிளீனர் பையன் கல் தேடிக்கொண்டே கத்துகிறான்:
"கட்ட! அண்ணே, கட்ட!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.
பின்சக்கரத்தடியில் செருகினேன்.
ஒரு விரலளவு பின்னால் வந்து
மரத்தைக் கடித்து நின்றது வண்டி.
சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
"உக்காந்துருச்சா?"
"உக்காந்துருச்சு."
"சரி" என்றாள். கொஞ்ச நேரம் வைக்கவில்லை.

அந்தி கவிந்து வெளியே வந்தேன்.
சாலையெல்லாம் வைக்கோல் தூசி.
லாரி போயிருந்தது.
கட்டையும்.

பெயர் கேட்க மறந்ததால்
என் போனில் அவள்
'கட்டை' என்றே பதிவாகியிருக்கிறாள்.
என் மனைவி ஒருநாள் அதைப் பார்க்கப்போகிறாள்.