ஜன்னல் திறந்திருந்த பிப்ரவரி

நூற்று நாற்பது சில்லுகள்.
மூவாயிரத்துச் சொச்சம் நீலக் கம்பிகள்,
ஒவ்வொன்றும் ஊசிக்காலில் ஏழு சுற்று, என் கையால்.
பலகையைத் திருப்பிப் பார்த்தால்
சிக்கெடுக்காத தலைமுடி.
அது பாடவேண்டியது ஒரே ஒரு சைன் அலை.

டூர்க்குவில் ஆறு உறைந்து கிடந்தது.
அதன்மேல் யாரோ சைக்கிளை உருட்டிப்போனார்கள்.
டூலிக்கி சிகரெட் பற்றவைக்க
மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தாள்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
இரண்டு நிமிடம் இருக்கும்,
ஒலிபெருக்கியில் அலை கிழிந்தது.

கிழிந்தது என்பது என் சொல்.
அவள் சொன்னது: தொடாதே.

காரணம் பிடிபட மூன்று இரவு.
குளிர்ந்தால் சில்லுக்கு அவசரம் வந்துவிடுகிறது.
பெருக்கிய விடையைப் பூட்டு முழுசாகக் கவ்வுமுன்
அடுத்த விடை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது.
முழு எண்கூட இல்லை, பதினொன்றாம் பிட் மட்டும்;
நொடியை நூறு கோடியாய் வெட்டினால் அதில் நாலைந்து துண்டு முன்னதாக.
வழியில் இரண்டு இன்வெர்ட்டர் வைத்தால் தீர்ந்தது.
எடுத்தும் வைத்தேன்.

தீர்த்துத்தான் ஆகணுமா என்றாள்.
பொறியாளனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

மாதம் முழுக்க ஓவர்கோட்டோடு வேலை.
ஜன்னல் ஒரு விரற்கடை நகர்ந்தால்
சுருதியின் விளிம்பு சொறசொறக்கும்.
நான்கு விரற்கடைக்கு
தகரக் கூரைமேல் ஆணிகள் உருளும்.
காவலர் ஹௌருவோரி மாடியேறி வந்து
வெப்பமூட்டும் செலவைப் பற்றி நீளமாகப் பேசினார்.
போகும்போது வாசலில் நின்று
கொஞ்சம் கேட்டார்.

கச்சேரியோ ஜூனில் விழுந்தது.
அரங்கில் இருபத்தாறு டிகிரி,
இரவு எட்டுக்கும் சூரியன் மறைகிற பேச்சே இல்லை.
என் பலகை பிறந்ததிலிருந்து முதல்முறையாக
அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது.
கொசுவுக்கே சலிப்புத் தட்டும் சைன்.

அவள் ஓடினாள்.
எதிர் உணவகத்துச் சமையலறையிலிருந்து
ஒரு பை உறைந்த லக்கா பழத்தோடு திரும்பினாள்.
பெருக்கிமேல் அப்படியே வைத்தேன்.
ஒழுகினால் ஷார்ட் ஆகும்.
தெரிந்துதான் வைத்தேன்.

பன்னிரண்டு நிமிடம்.
பழம் இளக இளக
அந்தப் பிட் அவ்வப்போது தன் இடத்துக்குத் திரும்பியது,
பிறகு அடிக்கடி,
பிறகு எப்போதும்.
ஆணிகள் ஓய்ந்து
நான் முதலில் வரைந்த அலை மட்டும் நின்றது.
யாரும் இருமவில்லை.

அந்த முடிவை எப்படி எழுதினீர்கள் என்று
ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து கேட்டார்.
டூலிக்கி பையை என்னிடம் நீட்டினாள்.
என் பல்லிடுக்கில்
அதற்குள் ஒரு விதை.