நாலு ரூபாய்

ஆவாரம்பாளையத்துல ஒரு முட்டுச்சந்து.
ஏழு பேர் பட்டறைங்க.
மோட்டாருக்குத் தகடு வெட்டுற பிரஸ் என்ற மிசினு.
ரெண்டு கையும் ரெண்டு பொத்தானை அமுத்துனாத்தான்
டை கீழ எறங்கோணும்.
ஒரு பொத்தானைச் செம்புக் கம்பி போட்டுக்
கட்டி வெச்சிருந்தாங்க.
மணிக்கு நானூறு அடிக்கோணுமில்லீங்களா.

புதன்கிழமை, பதினொன்னேகால்.
டீக்காரப் பையன் தூக்கு வெச்ச சத்தம் கேட்டுச்சு.
அப்புறம் என்ற வலது கை
தகட்டோட தகடாட்டக் கெடந்துது.

சுட்டு விரல். நடு விரல். மோதிர விரல்.
சின்னராசு அவன்ற டிபன் டப்பாவுல ஐஸ் போட்டு
எடுத்துட்டு ஓடியாந்தான்.
நசுங்குனது ஒட்டாதுன்னுட்டாரு டாக்டரு.
அந்த டப்பாவை அவன் திருப்பிக் கேக்கவேயில்லை.

மூணாம் நாள் ஓனர் தெய்வசிகாமணி வந்தாரு.
ஆப்பிள், ஹார்லிக்ஸ், கவர்ல அம்பதாயிரம்.
"துளசிமணி, நான் உனக்கு அண்ணனாட்ட."
கூடவே ஒரு முத்திரைத்தாள்.
அதுல ஒரெழுத்து இல்லை.
அடியில மட்டும் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி.
கட்டுப் போட்ட கையைக் காட்டுனேன்.
"எடது பெருவிரல் போதும் கண்ணு."

அந்தப் பெருவிரலை முந்தானைக்குள்ள மடக்கிக்கிட்டேன்.
அன்னைக்குச் செஞ்ச வேலை
அது ஒண்ணுதானுங்க.

வக்கீல் மெஹருன்னிசா மேடம் கேஸ் போட்டாங்க.
அவங்க பதில் மனு வந்துது.
மூணாம் பத்தியில
மனுதாரர் எங்களிடம் பணிபுரிந்தவரே அல்லர்.
ஏழாம் பத்தியில
மனுதாரரின் அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம்.
வேலையே பாக்காதவ
எப்படிங்க அஜாக்கிரதையா வேலை பாத்தேன்?
மேடம் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.
பதிவேட்டுல என்ற பேரு இல்லை,
சம்பளம் கையில, ரசீதும் இல்லை.

இருந்தது ஒரே ஒரு போட்டோ.
ஆயுத பூசையன்னைக்கு ஓனரே எடுத்து
குரூப்புல போட்டது.
பிரஸ்ஸுக்குச் செவ்வந்தி மாலை,
நெத்தியாட்டம் இருந்த எடத்துல மூணு பட்டை திருநீறு,
பக்கத்துல வெரல் வெள்ளையா நானு.
பெருசு பண்ணிப் பாத்தா
மாலைக்குக் கீழ பொத்தான் மேல
செம்புக் கம்பி மினுங்குது.

"பட்டை போட்டது யாரம்மா?"
துணை ஆணையர் கேட்டாரு.
நானு கையைத் தூக்குனேன்.
அவரு கையைப் பாத்தாரு, போட்டோவைப் பாத்தாரு,
கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதலை.

சட்டத்துல விரலுக்கு ஒரு பட்டியல் இருக்குதுங்க.
பெருவிரலுக்கு முப்பது. சுட்டு விரலுக்குப் பதினாலு.
ஒரே கையில மூணுன்னா முப்பது.
"இல்லாத விரலு ராத்திரியில அரிக்குதுங்களே மேடம்,
அதுக்கு எத்தன சதவீதம்?"
அவங்க பக்கத்தைப் பொரட்டித் தேடுனாங்க.
இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.
இருந்தாலும் தேடுனாங்க.

சம்பளம் பன்னெண்டாயிரத்துல அறுவது பங்கு,
முப்பத்தி நாலு வயசுக்கு ஒரு பெருக்கல்,
அதுல நூத்துக்கு முப்பது.
நாலு லட்சத்து முப்பதாயிரத்து எழுநூத்தி நாலு ரூபாய்.
வட்டி தனி.

எல்லாரும் லட்சத்தையே பேசுனாங்க.
எனக்கு அந்த நாலு ரூபாய் மேலதான் கண்ணு.
தருமம் பண்றவங்க முழுசாக் குடுப்பாங்க,
அம்பதாயிரம், ஆப்பிள், அண்ணனாட்ட.
சில்லறையோட வர்றது
பாக்கி மட்டுந்தானுங்க.

போன வாரம் அந்தச் சந்துப் பக்கம் போனேன்.
உள்ள போகலை.
கேட்டுக்கு வெளிய நின்னு
பிரஸ் சத்தத்தை எண்ணுனேன், ஒரு நிமிசம்.
நாலு.
மறுக்கா எண்ணுனேன். நாலேதான்.
மணிக்கு எரநூத்தி நாப்பது.
ரெண்டு கையும்
பொத்தான் மேல இருக்குது.