கோரம்

ஏழு மணிப் பூசை முடிந்து
ஒலிவாங்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டே
தலைவர் சொன்னார்:
நூற்றாண்டு மலரில் ஆங்கிலத்துக்கு எட்டுப் பக்கம்,
சீனத்துக்கு ஆறு, தமிழுக்கு இரண்டு.
நீதானே செயலாளர், ரெஜினாள், எழுதிவிடு.

சுங்கை பாக்காப் தாண்டி,
பினாங்குப் பாலம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் எங்கள் கோயில்.
சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து
செம்பனை போய் லாரிக் கொட்டகை வந்துவிட்டது.
அலமாரியில், குடில் வைக்கோலுக்குப் பின்னால்,
கறையான் தின்றது போக
எட்டுக் குறிப்பேடுகள்.

1927. பிரெஞ்சுச் சாமியாரின் தமிழ்.
ஒவ்வொரு ழகரமும் மூச்சுத் திணறுகிறது.
மணி வாங்க ஆளுக்கு இருபது காசு.
கொடுத்தவர்கள் வாசல் சலவைக்கல்லில் இருக்கிறார்கள்,
பெரிய கிராணி சவரிநாயகம் முதலாக.
கொடாதவன் இங்கே மட்டும்:
"சந்தியாகு, பால்வெட்டு, நாலாம் லயம்.
மழைமாதம் என்கிறான்."

அதே ஆண்டு, ஒன்பதாம் பொருள்: ஒழுகும் கூரை.
30இலும் 33இலும் 38இலும் கூரை.
"அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்."
போன மாதம் நானும் இதையேதான் எழுதினேன்.

பிறகு தாள் மாறுகிறது.
தோட்டத்துப் பால்கணக்கின் பின்பக்கம், பென்சில்.
சாமியாரைக் காணோம்; எழுதியவர் உபதேசியார் தொபியாஸ்.
1943 ஜூன்: கோரம் இல்லை.
ஆகஸ்டு: கோரம் இல்லை.
அக்டோபர்: மேலும் இருவர் சயாமுக்கு. கோரம் இல்லை.
இப்படிப் பதினான்கு முறை.

கூட்டம் நடக்க ஏழு தலை வேண்டும்,
அதைத்தான் சொல்கிறார்,
எனக்குத் தெரியாதா?
ஆனாலும்
மூங்கில் காட்டில் தண்டவாளத்தைத்
தோள்கள் சுமந்துகொண்டிருந்த மாதங்களில்
ஒரு மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு
கோரம் இல்லை, கோரம் இல்லை என்று
எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

1946 பிப்ரவரி. புதுச் சாமியார், நல்ல மை.
வந்த ஆண்கள் நால்வர்.
வாசலில் நின்ற பெண்கள் மூவர்
உள்ளே அழைக்கப்பட்டனர்:
பிலவேந்திரம், ஞானப்பூ, மதலேனாள்.
"கோரத்துக்கு மட்டும். வாக்கு இல்லை."
தீர்மானம்: திரும்பி வராதவர்கள் எல்லாருக்கும் ஒரே பூசை,
செலவில் பெண்கள் பங்கு தலைக்கு முப்பது காசு.
ஓரத்தில், நெருக்கி எழுதிய ஒரு வரி:
"ஞானப்பூ கேட்பது, செத்த தேதி தெரியாதவனுக்கு
எந்த நாளில் மணி அடிப்பது?
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்."

அடுத்த ஏட்டைத்தான் கறையான் தின்றிருக்கிறது.

இன்று இதை வாசித்தேன்.
சலவைக்கல் படம் போதும் என்றார் தலைவர்.
பொருளாளர் ஆக்னஸ் கூ, கணக்கிலிருந்து நிமிராமல்,
சீனப் பக்கத்தில் பாதி காலி,
விளம்பரக்காரன் ஏமாற்றிவிட்டான்,
எடுத்துக்கொள் என்றாள்.
கை தூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று.
சாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஏழாவது தலை நான்;
விதிப்படி செயலாளருக்கு வாக்கில்லை.
மேசைமேல் ஒரு சொட்டு விழுந்தது.
வாளியை நகர்த்தி வைத்துவிட்டு
எழுதினேன்:

வருகை ஏழு. கோரம் உண்டு.
அடுத்த கூட்டத்துக்கு:
ஒன்று, கூரை.
இரண்டு, ஞானப்பூவின் கேள்வி.