பச்சை

குளிர்பெட்டிக் கதவில்
மீன் வடிவக் காந்தம் பிடித்திருக்கும் தாள்.
எமொக்கேயின் கையெழுத்து:

குடைமிளகாய், சிவப்பு: இரவு இரண்டு மணி, அழுகை.
காலிஃபிளவர்: கேட்கவே வேண்டாம்.
வெள்ளரி, தோலோடு: மாலைவரை நன்றாகத்தான் இருந்தாள்.

அதற்குமேல் அந்த வரி போகவில்லை.
பேனா பிடிக்கக் கை ஒழிந்திருக்காது.

போர்க்காவுக்கு இருபது மாதம்.
தன் பெயரைச் சொல்ல வராது,
வேண்டாம் என்று தெளிவாகச் சொல்வாள்.
அவள் வயிற்றுக்குத்தான் வாய் இல்லை,
ஊர் அடங்கியபின்
அவள் வாயைக் கடன் வாங்கிப் பேசும்.

டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம்:
"எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொடுங்கள்."
யார் ஒத்துக்கொள்ள வேண்டும், டாக்டர்?
நாக்கு கையெழுத்துப் போடுகிறது,
குடல் வழக்குத் தொடுக்கிறது.

நான் செகெத் நகரில் டிராலிபஸ் ஓட்டுபவன்.
என் தொழிலில் பச்சை என்றால் போகலாம்.
இந்தத் தாளில் பச்சை என்றால்
நில்,
தோல் சீவு,
விதையை வழித்தெடு,
சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கு,
கேரட்டா, துருவு, துருவியதை மறுபடி பார்,
பக்கத்திலேயே உட்கார்.

வழித்தெடுத்த விதை, சீவிய தோல், மிளகாயின் மிச்சம்,
துப்பிய துண்டுகளில் சில
எல்லாம் எனக்கு.
திஸா பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது
என் வயிறு போடும் சத்தத்தில்
முன் இருக்கைப் பெண்மணி
மோட்டாரில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள்.

சனிக்கிழமை. சந்தை.
போர்க்கா என் தோள்மேல்.
கட்டைவிரல் வளைந்த வில்மொஷ்
நூல்கோலைச் சீவி, கத்தி முனையில் ஒரு வில்லை நீட்டுவார்,
வாங்குகிறவர்களுக்கு ருசி பார்க்க.
இலவசம். யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தலைக்குமேல் ஒரு கை நீண்டதை
நான் பார்க்கவில்லை.
கேட்டேன்.
கறுக்.
அவள் பல் கடிக்கும் ஓசை
என் மண்டை ஓட்டுக்குள் இறங்கியது.
கறுக், கறுக்.
சாறு என் காதோரம் வழிந்தது, சில்லென்று.
"இறக்கு, துப்பு, போர்க்கா, துப்பு!"
இறக்கினேன். வாயைத் திறந்து காட்டினாள்.
காலி.
கையில் அடுத்த வில்லை.
"காகிதம் மாதிரிதான் சீவினேன்," என்றார் வில்மொஷ்,
குற்றவாளி போலவும் இல்லை,
குற்றமற்றவர் போலவும் இல்லை.
மூன்று வில்லை. நான் எண்ணினேன்.

அன்று இரவு
வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு தொட்டிலருகே உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு. அவள் புரண்டாள். எழுந்தேன்.
ஒன்று. மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
இரண்டு.
இரண்டு என்பது எங்கள் வீட்டில் ஒரு நேரமில்லை,
ஒரு ஆள். வருவார். கதவைத் தட்டமாட்டார்.
வரவில்லை.
சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன்,
வெதுவெதுப்பாக ஏறி இறங்கியது.
உள்ளே மூன்று வெள்ளை வில்லைகள்
யாரையும் எழுப்பாமல்
கரைந்துகொண்டிருந்தன.
மூன்று மணிக்குப் பை ஆறிப்போனது.
எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது,
இவ்வளவு தயாராக இருந்துவிட்டு.

நாலேகாலுக்குச் சீருடை மாட்டிக்கொண்டு
தாளில் எழுதினேன்:
நூல்கோல், மெலிதாக, மூன்று: அவள் தூங்கினாள்.
எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு பகல் முழுக்க
ஒவ்வொரு சிக்னலிலும் கண் சொருகியது.
ஒருமுறை பச்சை விழுந்தும் நின்றிருந்தேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

வீடு திரும்பியபோது
என் வரிக்குக் கீழே அவள் கையெழுத்து:
இன்றும் கொடுத்தேன். பாதி மீதி, கிண்ணத்தில்.
நீ சாப்பிட்டுவிடாதே.