எக்ஸ் என்க

முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால்
பஸ் நிற்கிற ஏழு நிமிடத்துக்குள்
என் வியாபாரம்.
மற்ற நேரமெல்லாம் மணலும் கச்சானும்
சட்டிக்குள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கும்.

சரை சுற்றப் பழைய புத்தகங்களைக்
கிலோக் கணக்கில் வாங்குவேன்.
மாசியில் வந்த கட்டில்
ஒன்பதாந் தரக் கணிதம்,
எழுபத்து மூன்றாம் பக்கம், எளிய சமன்பாடுகள்.
விடைகள் இருந்த பக்கத்தை
யாரோ கச்சானோடு வவுனியாவுக்குக்
கொண்டுபோய்விட்டார்கள்.

இந்தத் தாளை மட்டும் சுற்றவில்லை.
"தெரியாக் கணியத்தை எக்ஸ் என்க" என்றிருந்தது.
என்கவாம்.
இவ்வளவு மரியாதையாக
எனக்கு யாரும் அனுமதி தந்ததில்லை.

சரை நூறு ரூபா.
கச்சான், விறகு, தாள் எல்லாமாக அறுபது.
மிஞ்சுவது நாற்பது.
செவ்வாய்க்கிழமைக் கடன்காசு
ஆயிரத்து ஐந்நூற்று அறுபது.
அது போக, கிழமைக்கு வீட்டுக்கு ஏழாயிரம் வேண்டும்.
எத்தனை சரை?
தெரியாது. ஆகவே எக்ஸ்.

40 எக்ஸ் − 1560 = 7000

சயவைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.
சின்னக் கோடு.
செவ்வாய்க்கிழமை அவ்வளவு சின்னதில்லை.
பிறகு ஆயிரத்து ஐந்நூற்று அறுபதைத் தூக்கி
மற்றப் பக்கம் வைத்தேன்.

40 எக்ஸ் = 7000 − 1560
40 எக்ஸ் = 5440
எக்ஸ் = 136

நூற்று முப்பத்தாறு!
நான் விற்பதோ இருநூறுக்குக் கிட்ட.
அன்றிரவு பணக்காரியாகப் படுத்தேன்.

விடியப்புறம் பக்கத்தின் கடைசி வரி உறுத்தியது:
விடையைப் பிரதியிட்டுச் சரிபார்க்க.
நூற்று முப்பத்தாறை நாற்பதால் பெருக்கினேன்.
கடன்காசைக் கொடுத்தேன்.
கையில் மூவாயிரத்து எண்ணூற்று எண்பது.
சீனிப் போத்தலும்
மகனின் வாய் பிளந்த சப்பாத்தும்
இதை எனக்கு முன்னமே சொல்லியிருந்தன.

சமனைத் தாண்டினால் குறி மாறும்.
மறந்துபோனேன்.
ஓமந்தையை எத்தனை தரம் தாண்டியவள்,
ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக
எதையெல்லாம் மாற்ற வேண்டுமென்று
எனக்கா தெரியாது?

40 எக்ஸ் = 7000 + 1560
எக்ஸ் = 214

பிரதியிட்டேன். நின்றது.

ஆவணியில் யோகமலர் குவைத்துக்குப் போய்விட்டாள்.
ஐந்து பேர் குழு.
ஒருத்தி கட்டாவிட்டால் நாலு பேர் தலையில்.
தவணை சேர்க்கிற நிரோஜன்
போனைத் தட்டித் தட்டி
"ஆளுக்கு முந்நூற்றுத் தொண்ணூறு, அக்கா" என்றான்.
"தெரியும்" என்றேன்.
அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே
நான் பிரித்து முடித்திருந்தேன்.

40 எக்ஸ் = 7000 + 1560 + 390
40 எக்ஸ் = 8950
எக்ஸ் = 223.75

முக்கால் சரையை எந்தப் பஸ்ஸில்
யார் வாங்குவார்?
தாள் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
இருநூற்று இருபத்து நாலு என்று நானே எழுதினேன்.
இன்னும் இருபத்து நாலு பேருக்குப்
பசிக்க வேண்டும், பிள்ளையாரே.

பசித்தது.
மூன்றாவது கிழமை, திங்கள் பின்னேரம்,
யாழ்ப்பாணம் போன கடைசி பஸ்ஸில்
இருநூற்று இருபத்து நாலாவது சரை ஏறியது.

மிஞ்சியது பத்து ரூபா.
கடன்காரரின் பக்கத்திலும் இல்லை
வீட்டின் பக்கத்திலும் இல்லை.
நூறு ரூபாச் சரையில் எண்பது கச்சான்,
பத்து ரூபாவுக்கு எட்டு.

எண்ணி எடுத்தேன்.
உடைத்து, தோலை ஊதி,
ஒவ்வொன்றாகத் தின்றேன்.
எட்டாவது சொத்தை.

யாரையும் கேளாமல்
இன்னொன்று எடுத்தேன்.