பதிவேட்டில் கோடு இல்லாத இடம்

பள்ளியில் நாற்பத்தொரு சிறுமிகள்,
நாற்பத்தொரு இடது தோள்கள்.
ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி
அழுதவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்
தன் முறை வந்ததும் மேசைக்கடியில் ஒளிந்தாள்.
பதினொரு மணிக்கெல்லாம் முடிந்தது.
பதிவேடு நிறைந்துவிட்டது என்று
ஆசிரியர் கையெழுத்துப் போட்டார்.
பதிவேட்டுக்குத் தெரிந்த ஊர் அவ்வளவுதான்.

பெட்டியில் இரண்டு குப்பிகள் மிச்சம்.
பனிக்கட்டிப் பைகள் இன்னும் கல் மாதிரி,
மாலைவரை தாங்கும்.
சைக்கிளை ஏரிக்கரைக்குத் திருப்பினேன்.

மலாவி ஏரியின் மேல் அன்று
ஈக்கூட்டம் புகைத்தூணாய் எழுந்து நின்றது.
தெரியாதவன் பார்த்தால்
தண்ணீர் தீப்பிடித்ததென்று நினைப்பான்.
கரையில் மூங்கில் பரண்களில் உசிப்பா மீன் காய்ந்தது,
விரல் நீளம், வெள்ளி, எண்ணி மாளாது.
புரட்டிக்கொண்டிருந்தாள் டொவேரா.
மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்கு.

"வயது என்ன?"
அவள் தாயைப் பார்த்தாள்.
தாய் நியாலோங்வே ஏரியைப் பார்த்தாள்.
"பெரிய படகு எஞ்சின் கெட்டு
ஏழு வாரம் வராமல் போனதே,
ஈயைப் பிடித்து அடை தட்டித் தின்றோமே,
அந்த வருஷம் இவள் வயிற்றில்."
விரல் மடக்கினேன், பத்து வந்தது.
மறுபடி மடக்கினேன், பதினொன்று.

"எந்த நோய்க்கு?"
"வந்தால், முப்பது வருஷம் கழித்து வருவதற்கு."
அவள் சிரித்த சிரிப்பில்
பரணிலிருந்த காகம் எழுந்து போனது.
"இன்று ராத்திரி விளக்குக்கு எண்ணெய் இல்லை.
முப்பது வருஷத்துக்கு அப்பாலிருந்து
ஒரு நோயைக் கூட்டிவருகிறாயே, மனுஷா!"

பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு,
"கருப்பையைக் கட்டிவிடும் என்கிறார்களே?"
சந்தையில் நானும் கேட்ட பேச்சு.
அதற்கென்று அலுவலகம் ஒரு தாள் தந்திருக்கிறது,
எட்டு விடைகள், படங்களோடு.
தாளை எடுக்கவில்லை.
"முதலில் எழுதியது என் மகள் பெயரை."
"எப்படி இருக்கிறாள்?"
"நேற்று இந்த சைக்கிளைக் கேட்டுச் சண்டை போட்டாள்."

எந்த இடத்தில் வருமாம் அது என்றாள்.
கருப்பையின் வாயில், புற்று, என்றேன்
தாழ்ந்த குரலில்தான்.
மீன் புரட்டிய கைகள் நின்றன.

"என் அக்கா.
கடைசி மழைக்காலம் முழுக்க
இந்தப் பரணுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள்.
வீட்டுக்குள் வரமாட்டாள்.
மீன் நாற்றத்தில் தன் வாடை
யாருக்கும் தெரியாதென்று.
எங்களுக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி
பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்."

ஈத்தூண் மெல்லச் சாய்ந்து
மொசாம்பிக் பக்கம் போனது.

"அந்த வாடைக்கா
ஊசி இருக்கிறது?"
"வராமல் தடுக்க."
"எத்தனை முறை?"
"ஒரு முறை."
"ஒரே முறையா," என்றாள்,
என்னிடம் இல்லை.

டொவேராவின் தோளில் மீன் செதில்கள்.
பஞ்சால் துடைத்தேன். ஒன்று போகவில்லை.
அதற்குச் சற்றுக் கீழே குத்தினேன்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
இடக்கைக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு கொடுத்துப்
பரணுக்குத் திரும்பிப் போனாள்.

பதிவேட்டில் இடமில்லை.
கடைசி வரிக்குக் கீழே
பழைய பஸ் சீட்டின் விளிம்பை வைத்து
ஒரு கோடு இழுத்தேன்.
பெயர் மையில். வயது பென்சிலில்.

இன்னொருத்தி இருந்தாளாம், ஏறக்குறைய இதே வயது.
மாமனோடு விடிகாலைப் படகில் போய்விட்டாள்,
எந்தக் கரைக்கென்று யாருக்கும் தெரியவில்லை.

பொழுது சாய மேட்டில் மிதித்தேன்.
இளகிய பனிக்கட்டிப் பைகள்
பெட்டிக்குள் புரண்டு படுத்தன.
கேரியரில் ஒரேயொரு குப்பி,
ஆனால் ஒரு சிறுமியின் கனம்.
பெயர் தெரியாத பிள்ளையைப்
பின்னால் ஏற்றி வருகிறவன் மாதிரி
பள்ளம் பார்த்துப் பார்த்து
மிதித்தேன்.