முட்டுக்கட்டை

வால்டீஸில் நவம்பர். மூன்றரை மணிக்கே விளக்கு போட்டாயிற்று.
டாங்கரின் பின்புறம் எங்கள் வடம் ஏறுகிறது,
தண்ணீரில் விழுந்தால் மிதக்கிற வடம்.
மேலே யாரோ அதை மாட்டிவிட்டுக் கை காட்டுகிறார்.
முகம் தெரியவில்லை. ஒருநாளும் தெரிந்ததில்லை.

வின்ச் முன்னால் நான்.
திரையில் நான்கு டன், ஆறு, மறுபடி நான்கு.
தொய்யவும் விடக்கூடாது, விறைக்கவும் விடக்கூடாது.

"இழுப்பீர்களா?" என்றான் தம்பி, போனில்.
இல்லை.
"தள்ளுவீர்களா?"
இல்லை.
"சும்மா பின்னாலேயே போவதற்கா சம்பளம்?"

தேரோட்டத்தில் எல்லாரும் வடத்தைத்தான் பார்ப்போம்.
சக்கரத்தடியில் கட்டையோடு குனிந்து நடப்பவர்களை
மன்னார்குடியில் பதினெட்டு வருடம் இருந்தும்
நான் பார்த்ததில்லை.
முனை திரும்புவது அவர்கள் கட்டையால்.
நம் பேச்சிலோ முட்டுக்கட்டை என்றால் வசவு.
இங்கே வடமே பின்னால்தான் இருக்கிறது, தம்பி.

போன மார்ச்சில் ஒருமுறை
குறுகலின் நடுவில் சுக்கான் சிக்கிக்கொண்டது.
கப்பலின் மூக்கு மெதுவாக, மிக மெதுவாக,
ஏதோ ஞாபகம் வந்ததுபோல் பாறைப் பக்கம் திரும்பியது.
கேப்டன் ரோண்டா ஹாவ்லண்ட் கத்தவில்லை.
டக்கைக் குறுக்கே போட்டாள்.
வயிறு முழுக்கத் தண்ணீரில் சாய்ந்து படுத்தோம்.
நாற்பது, எழுபது, நூற்றுப் பத்து.
வடம் ஒரு சத்தம் போட்டது, அதை எழுத்தில் எழுத முடியாது.
பல்லில் கேட்டது.
மூக்கு நின்றது. யோசித்தது. திரும்பியது.
அன்று சிந்தியது என் காபி மட்டும்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜூலையில் லீவு நாளில்
நைட் தீவுக்கு என்னைக் கூட்டிப்போனாள் ரோண்டா.
கரையில் கல்லைப் புரட்டி முழங்கை ஆழம் தோண்டினாள்.
குழியில் நீர் ஊறியது, நீர்மேல் வண்ணம் விரிந்தது.
நான் தவழ்ந்துகொண்டிருந்த வருடம் கொட்டியது அது.
விரலை முகர்ந்து பார்த்தாள்.
அவள் அப்பா ஹெரிங் வலையை விற்ற தேதியை மட்டும் சொன்னாள்.
பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே,
எடுத்த வாக்கிலேயே வைத்தாள்.

இப்போது மலைகள் விலகுகின்றன.
தொலைவில் ஒரு கடல்நீர்நாய் மல்லாந்து கிடக்கிறது,
எங்களைக் கண்டுகொள்ளாமல்.
"விடலாம்" என்கிறது ரேடியோ.
மேலே அந்தக் கை வடத்தைக் கழற்றுகிறது.
கப்பல் திரும்பிப் பார்க்கவில்லை, எதற்குப் பார்க்கவேண்டும்.
வடத்தில் உறைந்த உப்பைக் கையுறையால் தட்டுகிறேன்.
இன்று அதிகபட்சம் ஒன்பது டன்.
அடுத்தது காலை ஐந்தரைக்கு,
பனி விழும் என்கிறார்கள்.